பையர் ஆடிட் வருகிறது: பெங்களூர் பட்டறைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

பீனியா, பொம்மசந்திரா, ஜிகணி, பொம்மனஹள்ளி, தொட்டபள்ளாபுரா என்று பெங்களூரைச் சுற்றிப் பட்டறையும் தையல் ஆலையும் நடத்துகிற நம் ஆட்கள் நிறைய. முதலாளியாக இல்லாவிட்டால் சூப்பர்வைசராக, ஸ்டோர்ஸ் பொறுப்பாளராக இருப்பார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம், வேலூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வாடிக்கையாளரிடமிருந்து, அதாவது பொருளை வாங்கும் பையரிடமிருந்து, ஆடிட்டுக்காக ஒரு பெரிய எக்செல் கேள்வித்தாள் வந்து விழுந்ததும், "சார், இது என்ன புதுத் தலைவலி?" என்று போன் வரும். அப்படிக் கேட்டவற்றில் அடிக்கடி வருவதை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் தணிக்கை செய்கிற பக்கத்தில் இருப்பவன். அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சுற்றுச்சூழல் ஆடிட் என்றால் பொல்யூஷன் போர்டு சோதனைதானே?

இல்லை. மூன்று பேர் மூன்று காரணத்துக்காக வருவார்கள்.

ஒருவர் கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அதிகாரி. சட்டப்படி வருகிறார், கழிவுநீர் மாதிரி எடுக்கிறார். ஆலையை மூடவும் கரண்டைத் துண்டிக்கவும் உத்தரவு போட வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. அடுத்தவர் சான்றிதழ் நிறுவனத்தின் ஆள். ஐஎஸ்ஓ 14001 மாதிரி ஒரு தரத்துக்கு உங்கள் நிர்வாக முறை பொருந்துகிறதா என்று பார்ப்பார். மூன்றாமவர்தான் பையர் அனுப்பும் ஆடிட்டர். இவர் சட்டத்தையும் பார்ப்பார், பையரின் நடத்தை விதிகளையும் பார்ப்பார், சம்பளப் பட்டியல், தீயணைப்புக் கருவி, கழிப்பறை என்று எல்லாவற்றிலும் தலையை நுழைப்பார். உங்கள் கரண்டை இவரால் துண்டிக்க முடியாது. ஆர்டரைத் துண்டிக்க முடியும்.

இவர்கள் யாரும் வராவிட்டாலும் நீங்களாகவே கொடுக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. வாரிய அனுமதி தேவைப்படும் ஆலைகள் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் படிவம் 5 என்ற சுற்றுச்சூழல் அறிக்கையை செப்டம்பர் 30க்குள் அனுப்ப வேண்டும். 1992-93லேயே வந்த விதி. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மூலப்பொருள், எவ்வளவு கழிவு என்று ஒரு பொருளுக்கு இவ்வளவு எனக் கேட்கும். போன வருடத்து எண்களை அப்படியே போட்டு, தேதியை மட்டும் மாற்றி அனுப்புகிற ஆலைகள் ஏராளம். நேர்மையாக நிரப்பினால் எங்கே காசு கரைகிறது என்று அதிலேயே தெரியும்.

எங்களிடம் இருபது பேர்தான் வேலை செய்கிறார்கள். ஜெர்மனியிலோ பிரஸ்ஸல்ஸிலோ போடுகிற சட்டம் எங்களை எப்படித் தொடும்?

நேராகத் தொடாது. உங்கள் வாடிக்கையாளரின் வாடிக்கையாளரைத் தொடும். அவர் அதை ஒப்பந்தத்தில் எழுதிக் கீழே தள்ளுவார், அது படிப்படியாக இறங்கிக் கடைசியில் உங்கள் ஷெட்டில் வந்து உட்காரும்.

ஜெர்மனியின் சப்ளை செயின் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதலில் 3,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு, 2024லிருந்து 1,000 பேர் உள்ளவற்றுக்கு. தங்களுக்குப் பொருள் தருபவர்களிடம் கட்டாய உழைப்பு, குழந்தை உழைப்பு, உயிரைக் கெடுக்கும் மாசு இருக்கிறதா என்று அவர்கள் ஆராய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் 2024ல் இதே வகைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அப்புறம் தொழில்துறை போட்ட சத்தத்தில் தேதியைத் தள்ளி, வரம்பையும் மிகப் பெரிய கம்பெனிகளுக்கு என்று சுருக்கிக்கொண்டே வந்தார்கள். அதனால் கேள்வித்தாள் குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பெரிய கம்பெனிகளில் இதற்கென்று ஆட்களை வேலைக்கு வைத்தாயிற்று. அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

இன்ஜினியரிங் பட்டறைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவின் கார்பன் எல்லை வரி, அதாவது இறக்குமதிப் பொருளைச் செய்யும்போது வெளியான கார்பனுக்குப் போடும் வரி, 2023 அக்டோபரிலிருந்து வெறும் கணக்குக் கொடுக்கும் கட்டத்தில் இருந்தது. 2026 ஜனவரி 1லிருந்து பணம் கட்டும் கட்டத்துக்கு வந்துவிட்டது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை இதில் வரும். எஃகுப் பட்டியலில் போல்ட், நட்டு, ஸ்க்ரூவும் இருக்கின்றன. பீனியாவில் போல்ட் திருப்புகிறவருக்கு இது நேரடி விஷயம். உங்களிடம் உண்மையான உமிழ்வுக் கணக்கு இல்லையென்றால், அங்கே இறக்குமதி செய்பவர் ஐரோப்பிய ஒன்றியம் நிர்ணயித்த பொதுவான மதிப்பைப் போட வேண்டியிருக்கும். அது கூட்டித்தான் வைக்கப்பட்டிருக்கிறது. வருடத்துக்கு 50 டன்னுக்குக் குறைவாக இறக்குமதி செய்பவருக்கு விலக்கு உண்டு. அந்த 50 டன் அவர் எல்லோரிடமும் வாங்குவதைச் சேர்த்த கணக்கு, உங்களிடம் வாங்குவது மட்டும் இல்லை.

உள்நாட்டு விற்பனைதானே என்றாலும் தப்ப முடியாது. பங்குச் சந்தையில் மதிப்பில் முதல் 1,000 இடத்திலுள்ள கம்பெனிகள் பிஆர்எஸ்ஆர் என்ற பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி 2022-23லிருந்து கட்டாயமாக்கியது. அடுத்த கட்டமாக முதல் 250 கம்பெனிகளிடம் அவர்களுடைய சப்ளையர்கள் பற்றிய விவரத்தையும் கேட்டது. ஒரு கம்பெனியின் கொள்முதலில் 2 சதவீதமோ அதற்கு மேலோ உங்களிடமிருந்து போனால் அந்தக் கணக்கில் வருவீர்கள். இப்போதைக்கு அது விருப்பத்தின் பேரில்தான். ஆனால் கம்பெனிகளின் கொள்முதல் பிரிவு இந்த 2 சதவீத வரம்பையெல்லாம் பார்ப்பதில்லை, கையில் உள்ள வெண்டர் பட்டியல் முழுவதற்கும் ஒரே மெயிலைத் தட்டிவிடுகிறது.

வாரியத்திடம் குறைந்தபட்சம் என்னென்ன வாங்கியிருக்க வேண்டும்?

ஆலை கட்டும் முன் நிறுவ அனுமதி, ஓட்டும் முன் இயக்க அனுமதி. கர்நாடகத்தில் சிஎஃப்இ, சிஎஃப்ஓ என்பார்கள். தமிழ்நாட்டில் சிடிஇ, சிடிஓ. இரண்டும் 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் ஆகியவற்றின் கீழ் தரப்படுபவை. அபாயக் கழிவு வந்தால் 2016 விதிகளின்படி தனி அங்கீகாரம். தலைமை அலுவலகம் சர்ச் ஸ்ட்ரீட்டில் பரிசர பவனில் இருக்கிறது, ஆனால் உங்கள் வேலை பெரும்பாலும் ஆன்லைனிலும் வட்டார அலுவலகத்திலும் முடிந்துவிடும்.

அனுமதி வாங்கியவர்கள் செய்கிற பெரிய தவறு, அதைப் பிரேம் போட்டு மாட்டிவிட்டு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் இருப்பது. நாளுக்கு எவ்வளவு உற்பத்தி, எத்தனை லிட்டர் கழிவுநீர், எந்தெந்தப் பொருள் என்று எல்லாம் அதில் உண்டு. இரண்டு தொட்டிக்கு அனுமதி வாங்கிவிட்டு ஐந்து தொட்டி ஓட்டினால், அந்தப் பிரேமே உங்களுக்கு எதிரான சாட்சி.

ஆடிட்டர் உள்ளே வந்ததும் எதைப் பார்ப்பார்?

நல்லவராக இருந்தால் கான்ஃபரன்ஸ் அறையில் உட்கார மாட்டார். நேராகப் பின்பக்கம் போவார். எல்லா ஆலையிலும் முன்பக்கம் பூந்தொட்டி, பின்பக்கம் உண்மை.

ஒரு பிளேட்டிங் பட்டறையை, அதாவது உலோகத்துக்கு முலாம் பூசும் பட்டறையை எடுத்துக்கொள்வோம். குரோமியம் கலந்த அலசு நீர் மஞ்சளாக வரும். அந்த ஆறு இணைதிறன் குரோமியம்தான் விஷம், புற்றுநோய் வரவழைப்பது. சுத்திகரிப்பு எளிது. அமிலம் சேர்த்து பிஹெச்சை 2, 3க்குக் கொண்டுவந்து, சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டால் மஞ்சள் மறைந்து பச்சை வரும். அப்புறம் சுண்ணாம்போ காஸ்டிக்கோ போட்டு பிஹெச்சை 8, 9க்கு ஏற்றினால் குரோமியம் கசடாகக் கீழே இறங்கும். வெளியே போகிற நீரில் அந்தக் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

ஆக, நான் தொட்டியின் நிறத்தைப் பார்ப்பேன். அடுத்து ஸ்டோர்ஸுக்குப் போய், குரோமிக் ஆசிட் வாங்கிய பில்லையும் மெட்டாபைசல்பைட் வாங்கிய பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்வேன். ஆசிட் மாதாமாதம் வருகிறது, மெட்டாபைசல்பைட் போன தீபாவளிக்கு ஒரு மூட்டை வாங்கியதோடு சரி என்றால், சுத்திகரிப்பு நிலையம் வெறும் காட்சிப் பொருள். வேறு எதுவும் கேட்க வேண்டியதில்லை.

தொட்டியருகே நிற்பவரின் கையையும் பார்ப்பேன். குரோமிக் ஆசிட் விரலிடுக்கில் ஆறாத சிறு குழிப்புண் போடும், மூக்கின் நடுச்சுவரைக்கூட ஓட்டையாக்கும். முகமூடியும் கையுறையும் புத்தம் புதிதாக, மடிப்புக் கலையாமல் அவர் மேல் இருந்தால் அது அன்று காலை வந்தது என்று புரிந்துவிடும்.

சுத்திகரிப்பு நிலையத்தின் லாக்புக்கை முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து எழுதினால் தெரியுமா?

தெரியும். ஆறு மாதத்துக்கும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, பக்க ஓரத்தில் ஒரு கறைகூட இல்லை. தினமும் பிஹெச் 7.2. ஞாயிற்றுக்கிழமையும் 7.2, ஆயுத பூஜைக்குப் பட்டறை மூடியிருந்த நாளிலும் 7.2. உண்மையான நோட்டில் எண்ணெய்க் கறை இருக்கும், எண்கள் ஏறி இறங்கும், "பம்ப் ரிப்பேர், ஓடவில்லை" என்று எங்காவது எழுதியிருக்கும். அப்படி எழுதிய நோட்டைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை கூடுகிறது.

கையெழுத்தை விட்டாலும் மீட்டர் விடாது. சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தனி மின் மீட்டர் வைக்கச் சொல்வது இதற்குத்தான். பம்பும் ஏர் புளோயரும் ஓடினால் யூனிட் ஏறியாக வேண்டும். வந்த டேங்கர் பில்லையும் போர்வெல் மீட்டரையும் கூட்டினால் உள்ளே வந்த தண்ணீர் தெரியும், அதில் சுத்திகரித்தது எவ்வளவு என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், மிச்சம் எங்கே போனது? 2024 கோடையில் ஊரே டேங்கருக்காகக் காத்துக் கிடந்தபோது, தண்ணீர் மீட்டரைத் தினமும் குறித்துவந்த ஆலைகள்தான் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று உடனே சொல்ல முடிந்தது.

அபாயக் கழிவு என்று எதைச் சொல்கிறார்கள்? எங்களிடம் அப்படி ஒன்றும் இல்லையே.

இருக்கும். ஜெனரேட்டரிலிருந்து வடித்த பழைய ஆயில், ரசாயனச் சுத்திகரிப்பில் வந்த கசடு, ரசாயனம் வந்த காலி டிரம், எண்ணெய் துடைத்த பஞ்சு எல்லாம் அதில் சேரும். மழை படாத, சிமென்ட் தரை போட்ட, கசிந்தால் தேங்கி நிற்கத் தடுப்புக் கட்டிய இடத்தில் லேபிள் ஒட்டி வைக்க வேண்டும். பொதுவாக 90 நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. அங்கீகாரம் பெற்றவரிடம் மட்டும்தான் கொடுக்கலாம், கொடுக்கும்போது படிவம் 10 மேனிஃபெஸ்ட் என்ற அனுப்புச் சீட்டு கூடவே போக வேண்டும். வருடக் கணக்கு படிவம் 4ல், ஜூன் 30க்குள். புதைக்க வேண்டிய கசடு துமகூரு சாலையில் தாபஸ்பேட்டை பக்கத்திலுள்ள கழிவு மையத்துக்குப் போகும்.

காலி டிரம் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. பழைய இரும்புக் கடையில் நல்ல விலை கிடைக்கிறது என்று ஆலைகள் விற்றுவிடும். அது ஏதோ ஒரு ஏழை வீட்டு வாசலில் தண்ணீர் பிடித்து வைக்கிற டிரம்மாகப் போய் நிற்கும். நீல நிற டிரம்மில் ஒட்டியிருந்த மண்டையோட்டு லேபிளைக் கிழித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? விற்பதற்கு முன்னால் ஒரு தரம் யோசியுங்கள்.

எங்கள் தண்ணீர் கொஞ்சம்தான், சாக்கடையில்தான் போகிறது. இதனால் யாருக்கு என்ன?

எங்கே போகிறது என்று ஒரு தடவை வரைபடத்தில் பாருங்கள். பெங்களூர் மேட்டில் இருக்கிற ஊர், இங்கே விடுகிற தண்ணீர் எல்லாம் எங்காவது இறங்கியே தீரும். நகரின் மேற்குப் பக்கத்துச் சாக்கடை விருஷபாவதியில் சேர்ந்து, அர்க்காவதியில் கலந்து, சங்கமத்தில் காவிரிக்குப் போகிறது. அப்புறம் ஒகேனக்கல், மேட்டூர். கிழக்குப் பக்கம் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் நிரம்பி வழிவது தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அணை மதகைத் திறந்தால் நுரை பொங்கிப் பாலத்தையே மூடுகிற படத்தைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பெல்லந்தூர் ஏரியில் 2015, 2017, 2018 என்று தீயே பிடித்தது. அந்த நுரையில் பெரும்பங்கு வீட்டுக் கழிவுநீரும் சோப்புத் தூளும்தான், பட்டறைகள் மேல் மட்டும் பழி போடுவது நியாயம் இல்லை. ஆனால் நுரையைக் கண்ணால் பார்க்கலாம், குரோமியத்தைப் பார்க்க முடியாது. பீனியா நிலத்தடி நீரில் அது இருப்பது ஆய்வுகளில் பலமுறை வந்துவிட்டது. காவிரி பற்றி டீக்கடையில் உரக்கப் பேசுகிற நம் முதலாளிகள் சிலர், ராத்திரி மழை பெய்யும்போது தொட்டியைத் திறந்துவிடுவதும் நடக்கத்தான் செய்கிறது.

ஐஎஸ்ஓ சான்றிதழ் இருக்கிறது. அது போதாதா?

போதாது. உங்களிடம் ஒரு முறை இருக்கிறது என்று அது சொல்லும், சட்ட வரம்புக்குள் இருக்கிறீர்கள் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. சான்றிதழ் எவ்வளவு தூரம் நம்பக்கூடியது என்பதற்குப் பக்கத்து நாட்டு உதாரணமே உண்டு. 2012 செப்டம்பரில் கராச்சியில் ஒரு ஆடை ஆலை எரிந்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்னால்தான் எஸ்ஏ 8000 என்ற சமூகப் பொறுப்புச் சான்றிதழ் அந்த ஆலைக்குக் கிடைத்திருந்தது.

ஆடிட்டருக்கு நாங்களே பணம் கொடுக்கிறோம். அவர் எப்படி எங்களுக்கு எதிராக எழுதுவார்?

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். இந்தத் தொழிலின் மையமான கோளாறே இதுதான்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை, நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். குஜராத்தில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 1996லிருந்து ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் தணிக்கை இருக்கிறது. ஆலையே ஆடிட்டரைத் தேர்ந்தெடுத்து, ஆலையே பணம் கொடுக்கும். பிற்பாடு நோபல் பரிசு வாங்கிய எஸ்தர் டஃப்லோவும் மூன்று பொருளாதார அறிஞர்களும் அம்மாநில வாரியத்தோடு சேர்ந்து அகமதாபாத், சூரத் ஆலைகளில் ஓர் ஆய்வு நடத்தி 2013ல் வெளியிட்டார்கள். புகைத் துகளுக்கான வரம்பைத் தாண்டியவை என்று பழைய முறை ஆடிட்டர்கள் சொன்னது 7 சதவீத ஆலைகளை. தனியாக அளந்து பார்த்ததில் 59 சதவீதம். ஆடிட்டர்கள் எழுதிய எண்கள் பெரும்பாலும் வரம்புக்குச் சற்றே கீழே குவிந்திருந்தன.

அதே ஆய்வில் பாதி ஆலைகளுக்கு முறையை மாற்றினார்கள். எந்த ஆலைக்கு எந்த ஆடிட்டர் என்று குலுக்கலில் போட்டார்கள், பொதுவான ஒரு நிதியிலிருந்து எல்லாருக்கும் ஒரே கட்டணம் தந்தார்கள், அவர்கள் எழுதியது சரியா என்று சிலவற்றைத் திரும்ப அளந்தார்கள். அதே மாநிலம், அதே ஆட்கள், பொய் வெகுவாகக் குறைந்தது. அதைவிட முக்கியம், அந்த ஆலைகள் உண்மையிலேயே மாசையும் குறைத்தன. ஆடிட்டரின் குணத்தைத் திருத்தவில்லை, சம்பளம் வரும் வழியைத்தான் திருத்தினார்கள்.

மத்திய அரசு 2025 ஆகஸ்டில் அறிவித்த சுற்றுச்சூழல் தணிக்கை விதிகளில், பதிவு பெற்ற தனியார் தணிக்கையாளர்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்கும் ஏற்பாடு சேர்க்கப்பட்டிருக்கிறது. நல்ல தொடக்கம் என்று நினைக்கிறேன். பையர் ஆடிட்டுகளில் இன்னும் பெரும்பாலும் பழைய கதைதான்: கட்டணம் ஆலை தலையில், அடுத்த வருடமும் அதே வேலை கிடைக்க வேண்டுமே என்ற பயம் ஆடிட்டர் தலையில்.

தொழிலாளர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்களாம். என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கலாமா?

சொல்லிக்கொடுத்தது கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும். வேலை நேரம் என்ன என்று கேட்டால் பத்துப் பேரும் ஒப்பித்தது மாதிரி ஒரே வாக்கியம் சொல்வார்கள்.

நான் அப்படிக் கேட்பதில்லை. பொம்மனஹள்ளி பக்கம் தையல் ஆலைகளில் தர்மபுரிப் பெண்கள் நிறைய. "பொங்கலுக்கு ஊருக்குப் போனீங்களாக்கா?" என்று ஆரம்பிப்பேன். "எங்க சார், பொங்கலுக்கு முந்தின வாரம் பூரா எட்டு மணி, ஒன்பது மணி ஆச்சு. பஸ்ஸே கெடைக்கல" என்பார் அந்த அக்கா. வருகைப் பதிவேட்டில் அந்த வாரம் தினமும் மாலை ஐந்தரைக்கு வெளியேறியதாக இருக்கும். ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம். அது எந்தக் கணக்கில் போனது, அல்லது போகவே இல்லையா?

அவர் பெயர் அறிக்கையில் வராது. அவர் சொன்னது உண்மையா என்று பார்க்க வேறு வழி உண்டு. தையல் ஆலையில் ஊசி முறிந்தால் துண்டுகளைத் தேடி எடுத்து, நோட்டில் ஒட்டி, தேதியும் நேரமும் எழுத வேண்டும். குழந்தைச் சட்டையில் ஊசித் துண்டு போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. மூடியிருந்ததாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமையில் மூன்று ஊசி முறிந்திருந்தால் என்ன அர்த்தம்? வருகைப் பதிவைத் திருத்துகிறவர்கள் ஊசி நோட்டைத் திருத்த மறந்துவிடுவார்கள். இதை எழுதினால் இனி அதையும் திருத்துவார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். பரவாயில்லை, நோட்டுகள் இன்னும் நிறைய இருக்கின்றன.

அவசர ஆர்டருக்குப் பக்கத்து ஷெட்டில் ஜாப் ஒர்க் கொடுக்கிறோம். அதைச் சொல்ல வேண்டுமா?

கண்டிப்பாக. சொல்லாத ஜாப் ஒர்க் பெரும்பாலான பையர்களுக்கு மன்னிக்க முடியாத குற்றம். 2013 ஏப்ரல் 24ல் டாக்காவுக்கு அருகே ரானா பிளாசா கட்டிடம் இடிந்து 1,134 பேர் இறந்தபோது, தங்கள் துணி அங்கே தைக்கப்படுகிறது என்பதே தெரியாது என்றன சில பிராண்டுகள். அன்றிலிருந்து இந்தக் கெடுபிடி. ஜாப் ஒர்க் சீட்டு, டெலிவரி சலான், அவருடைய வாரிய அனுமதி நகல் மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். அவரிடம் அனுமதி இல்லையென்றால் உங்கள் கழிவை அவர் பெயரில் கொட்டுகிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

ஜெனரேட்டர் புகைக்குழாய் உயரம் போதாது என்று எழுதிவிட்டார்கள். எவ்வளவு வேண்டும்?

ஜெனரேட்டரின் திறனான கேவிஏவின் வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்குங்கள், வருகிற மீட்டர் அளவு கட்டிடத்துக்கு மேலே குழாய் நீட்டியிருக்க வேண்டும். 100 கேவிஏ என்றால் 2 மீட்டர். வெல்டர் ஒருவரை வைத்து ஒரே நாளில் முடித்துவிடலாம், இதற்கெல்லாம் பெரிய எழுத்தில் அறிக்கை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

குறை எழுதிவிட்டால் ஆர்டர் போய்விடுமா?

பெரும்பாலும் போகாது. என்சி என்று சொல்கிற குறைக்கு, எதனால் வந்தது, எப்படிச் சரிசெய்வீர்கள், எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் "ஆபரேட்டர் கவனக்குறைவு" என்று எழுதுவது நம் ஊர் வழக்கம். நான் அதை ஏற்பதில்லை. பம்ப் பழுதாகி மூன்று மாதம் வாங்கித் தராதது ஆபரேட்டர் இல்லையே.

குழந்தைகள் வேலை, பூட்டிய அவசர வழி, ஆளைப் பிடித்து வைப்பது, லஞ்சம், போலி ஆவணம் ஆகியவை வேறு வகை. அன்றே பையருக்குப் போன் போகும். இதில் போலி ஆவணத்தைப் பலர் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். ஓவர்டைம் அதிகம் என்பதற்கு ஒரு வருட அவகாசம் கிடைக்கும், அதை மறைக்க இரண்டாம் பதிவேடு வைத்ததற்கு ஒரு நாள்கூடக் கிடைக்காமல் போகலாம்.

இதற்கெல்லாம் ஆகிற செலவை யார் கொடுப்பது? பையர் விலையை ஏற்றித் தருவாரா?

தானாகத் தர மாட்டார். ஒரு மெயிலில் பூமியைக் காப்பாற்றச் சொல்வார், அடுத்த மெயிலில் 3 சதவீதம் குறைக்கச் சொல்வார். முதல் மெயில் ஒரு பிரிவிலிருந்தும் இரண்டாவது வேறொரு பிரிவிலிருந்தும் வருகிறது, இருவரும் பேசிக்கொள்வதில்லை. இந்த அமைப்பில் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் இது.

திருப்பூரைப் பாருங்கள். நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் சாய நீரால் கெட்டு, விவசாயிகள் வழக்காடி, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். ஒரு சொட்டுகூட வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகுதான் தொழில் நிமிர்ந்தது. அந்த முறையை ஓட்டுகிற மின்சாரமும் ஆவியாக்கும் செலவும் கடுமை. அதைச் சுமந்தது பட்டறைகளும் அரசும் வங்கிகளும். அத்தனை வருடம் அங்கே மலிவாகப் பனியன் வாங்கிய பிராண்டுகள் சுமந்ததாகத் தெரியவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது: விலைப்பட்டியலில் சுத்திகரிப்பு, கழிவு அனுப்பும் செலவு ஆகியவற்றைத் தனி வரியாகப் போடுங்கள். மொத்தத்தில் கரைத்துவிட்டால் பேரத்தில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். அப்புறம், ஒரே ஆடிட் அறிக்கையைப் பல பையர்களுக்குக் காட்ட முடியும். சப்ளையர் தகவலைப் பையர்கள் பார்க்கும் செடெக்ஸ் தளத்தில் ஸ்மெட்டா என்ற ஆடிட் அறிக்கையை ஏற்றினால் பலரும் அதையே ஏற்பார்கள். நான்கு பையருக்கு நான்கு முறை ஆடிட் கட்டணம் கட்டுகிறவர்கள், ஒரே அறிக்கை போதுமா என்று முதலில் கேட்டுப் பார்த்திருக்கலாம்.

சட்டத்தை மீறினால் ஜெயிலா?

ஜன் விஸ்வாஸ் சட்டத்துக்குப் பிறகு, 2024 ஏப்ரலிலிருந்து காற்றுச் சட்டத்திலும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் பல மீறல்களுக்குச் சிறைக்குப் பதில் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம். அதைக் கட்டாவிட்டால் சிறை இன்னும் உண்டு. ஆனால் 15 லட்சத்தோடு முடிந்தது என்று கணக்குப் போடாதீர்கள். பாலாற்றைத் தோல் பதனிடும் ஆலைகள் கெடுத்த வழக்கில், மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996லேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. பசுமைத் தீர்ப்பாயம் இழப்பீடு போட்டால் அது வேறு அளவு.

நான் ஐடி கம்பெனியில் அட்மின் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு என்ன ஆடிட்?

பழைய லேப்டாப் யாரிடம் போனது என்பதுதான் முதல் கேள்வி. 2022ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்றவரிடம் கொடுத்த சீட்டு வேண்டும். அப்புறம் கழிவுநீர் நிலையம், ஜெனரேட்டர், யுபிஎஸ் பேட்டரி. ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி ஒப்பந்ததாரர் பிஎஃப் கட்டுகிறாரா என்பதையும் பார்ப்பார்கள். கண்ணாடிக் கட்டிடத்தில் அதிகம் குறை விழுகிற இடம் அதுதான்.

ஆடிட்டருக்குச் சாப்பாடு, வண்டி, ஏதாவது பரிசு?

கேன்டீனில் எல்லோரும் சாப்பிடுவதையே கொடுங்கள், அங்கே உட்கார்ந்து சாப்பிட்டால் அவருக்கும் நான்கு விஷயம் தெரியும். வண்டியை அவருடைய நிறுவனம் பார்த்துக்கொள்ளும். மைசூர்பாகுப் பெட்டியைக்கூட வேண்டாம் என்பார், வற்புறுத்த வேண்டாம். கவர் நீட்டினால் அது அறிக்கையின் முதல் பக்கத்தில் வரும். ஒருவேளை கவரை அவரே கேட்டால், அவருடைய நிறுவனத்துக்கும் பையருக்கும் ஒரே மெயிலில் எழுதுங்கள். பையர்களின் நடத்தை விதிப் புத்தகத்தில் அதற்கென்று ஒரு முகவரி பெரும்பாலும் இருக்கும்.